மேனேஜருக்கு ஒரு பிடி சோளம்

1

இந்தக் கதை ஒரு சிரிப்பில் தொடங்கியது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நல்ல சிரிப்பு என்று சொல்ல முடியாது. மாடி ஜன்னலில் வசதியாக நின்றுகொண்டு, கீழே ஒருவன் படுகிற பாட்டைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. பாடுபட்டவன் என் தம்பி. கொல்லையில் துணி துவைக்கிற கல்லின்மேல் ஏறி நின்று, வாளி மூடியைக் கேடயமாகப் பிடித்தபடி, எதிரே நின்ற சேவலிடம் பேசிக்கொண்டிருந்தான்.

"கொஞ்சம் பொறுங்க. கோபப்படாதீங்க. பாத்துக்கலாம்."

சேவலுக்கு மரியாதை கொடுத்துப் பேசுகிற மனிதனை நான் அதுவரை பார்த்ததில்லை. கையில் இருந்த காபி சிந்தும் அளவுக்குச் சிரித்தேன். இதை எழுதியே தீர வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன். நாலைந்து பக்கம், கொஞ்சம் கிண்டல், கடைசியில் சேவல் ஜெயித்து தம்பி தோற்பது. கை வலிக்காத கதை.

அது அப்படி வரவில்லை. அன்று மதியம் நடந்த ஒன்று கிண்டலை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டது. அதற்கு வருகிறேன். அதற்குமுன் ஒரு தொடக்கம் கிடைத்தாக வேண்டும்.

2

முதல் தொடக்கம்: "அந்தச் சேவலுக்குப் பெயர் கிடையாது." எழுத்தாளருக்கு ஏற்ற கம்பீரமான வாக்கியம், ஆனால் பச்சைப் பொய். அதற்கு இரண்டு பெயர். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கொல்லையை மேற்பார்வை பார்ப்பதால் தம்பி வைத்தது மேனேஜர். அவன் மனைவி வைத்தது சனியன்.

இரண்டாம் தொடக்கம்: "பொழுது புலரும் முன்பே, எங்கோ ஒரு சேவல்..." (இதை முடிக்கவில்லை. எங்கோ இல்லை, என் தலைமாட்டுக்கு நேர் கீழே. பொழுதுக்கும் அதற்கும் சம்பந்தமும் இல்லை. மதியச் சாப்பாட்டு நேரத்திலும் கூவும்.)

மூன்றாவது, கொஞ்சம் தாங்குகிறது: "என் தம்பி குடிநீர் அலுவலகத்தில் புகார் கவுன்ட்டரில் உட்காருகிறான்."

குழாயில் தண்ணீர் வராதவர்கள், வந்த தண்ணீர் நாறுகிறவர்கள், வராத தண்ணீருக்கு பில் வந்தவர்கள் எல்லோரும் அந்தக் கண்ணாடித் துவாரத்தில் வாயை வைத்துத்தான் கத்துவார்கள். தம்பிக்குப் பைப்பை மாற்றுகிற அதிகாரம் கிடையாது. வாங்கிக்கொள்கிற அதிகாரம்தான். ஆனாலும் அந்த அலுவலகத்தில் அவனைப்போல் கூட்டத்தை அமைதிப்படுத்த ஆள் இல்லை. எப்படி என்று ஒருமுறை கேட்டேன்.

"கத்துறவன் கையில முதல்ல எதையாவது குடுத்துரணும்க்கா. ஒரு டோக்கன், ஒரு டம்ளர் தண்ணி. ஒண்ணும் இல்லன்னா ஒரு பேனா. கை நெறஞ்சா வாய் கொறையும்."

தண்ணீர் வராது. ஆனால் வந்தவன் பேனாவைக் கையில் உருட்டிக்கொண்டே வீடு போய்ச் சேருவான்.

அவன் மனைவி பஸ் கண்டக்டர். இனி அவளை அப்படியே கூப்பிடுகிறேன், அவளே கேட்டுக்கொண்டது. ("தம்பி பொண்டாட்டின்னு எழுதாதீங்கக்கா, எனக்குன்னு ஒரு வேல இருக்கு.") படியில் தொங்குகிறவனை ஒற்றை வார்த்தையில் உள்ளே இழுக்கிற குரல். இந்தக் கதை நடக்கும்போது அவளுக்கு ஆறாம் மாதம். பஸ்ஸிலிருந்து இறக்கி, டிப்போவில் மேசை வேலை கொடுத்திருந்தார்கள். கீழ்த் தளத்தில் அவர்கள், மேலே நான். கொல்லை எல்லோருக்கும் பொது, காகிதத்தில்.

3

ஆறு குஞ்சுகள் வாங்கினோம். ஆறும் பெட்டை என்று சத்தியம் செய்து விற்றார்கள். ஒன்று கூவியது.

ஆரம்பத்தில் எல்லோருக்கும் பெருமைதான். சிவப்பும் கறுப்புமாக அந்த வால், சரிந்த கொண்டை. வளர்ந்து ஆளான பிறகுதான் ஐயாவின் சுபாவம் மாறியது. அதன் தாக்குதலுக்கு ஒரு முறை உண்டு. முதலில் உங்களைக் கவனிக்காத மாதிரி தரையைக் கிளறும். பிறகு ஒரு சிறகை மட்டும் மண்ணில் உரசும்படி தாழ்த்திக்கொண்டு, பக்கவாட்டில் அரைவட்டம் போடும். நீங்கள் முதுகைக் காட்டியதும் பாயும். காலின் பின்புறத்து முள் கெண்டைச்சதையில் இறங்கும்.

நியாயமாகப் பார்த்தால் சேவலுக்குக் காவல்தான் வேலை. அதன் பார்வையில் நாங்கள் எல்லோரும் திருடர்கள். இதை மறுக்கவும் முடியவில்லை, தினமும் முட்டையை எடுத்துக்கொண்டு போவது நாங்கள்தானே.

(அடியாத மாடு படியாது என்று நம்பி நான் ஒருநாள் விளக்குமாற்றால் நாலு போட்டேன். மாடு படியலாம். சேவலுக்கு அது சண்டைக்கு வெற்றிலை வைத்து அழைத்த மாதிரி. அன்றிலிருந்து மாடிப்படியின் கீழ் எனக்காகக் காத்திருக்க ஆரம்பித்தது.)

வேலி போடக் கூடாதா என்று கேட்பீர்கள். போட்டோம், தாண்டியது. மேலே வலை கட்டினோம். ஆனால் தண்ணீர்க் குழாய், துணிக்கொடி, கோழிக்கூண்டு மூன்றும் ஒரே மூலையில் இருக்கிற கொல்லையில் யாரை உள்ளே வைப்பது, யாரை வெளியே வைப்பது? யாருக்காவது கொடுக்கக் கூடாதா? தம்பியின் அலுவலக நண்பர் ஒருவர் ஆசையாக வாங்கிப் போனார். காலில் கட்டுடன் திருப்பிக் கொண்டுவந்தார். கதாசிரியராக நான் எல்லா வாசலையும் தட்டிப் பார்த்துவிட்டேன் என்பதற்காகச் சொல்கிறேன்.

4

நான் சிரித்த அந்த நாளின் மதியம், கண்டக்டர் துணி காயப்போடக் கொல்லைக்குப் போனாள். இடுப்பில் கூடை, கையில் வாளி மூடி. அவளும் அதை எடுத்துக்கொண்டுதான் போவாள். கொடியில் போர்வையை விரிக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. மூடியைக் கல்லின்மேல் வைத்தாள். முதுகு திரும்பியது.

பாய்ந்ததும் அவள் திரும்பினாள். ஓடுகிற பஸ்ஸில் கம்பி பிடிக்காமல் நின்று பழகியவள். ஆனால் ஆறு மாத வயிறு எந்தப் பக்கம் இழுக்கும் என்று உடம்பு இன்னும் பழகியிருக்கவில்லை. ஈரக் கல்லில் கால் வழுக்கி, உட்கார்ந்த நிலையில் விழுந்தாள். இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டதால் ஊன்றக் கை இல்லை.

நான் இறங்கி ஓடினேன். அவள் அழவில்லை, கத்தவில்லை. "அசையுதான்னு பாக்குறேன், பேசாதீங்க" என்றாள்.

இந்த இடத்தில் முதல் வரைவில் ஒரு வாக்கியம் எழுதினேன். எழுதியதும் அடித்துவிட்டேன். அடித்தது தெரியும்படியே விட்டிருக்கிறேன்:

[குழந்தை அசையவே இல்லை.]

அசைந்தது. ஸ்கேன் எடுத்தார்கள், எல்லாம் நன்றாக இருந்தது, இடுப்பில் மட்டும் உள்காயம். கொஞ்ச நாள் நடமாடாமல் படுத்திருக்கச் சொன்னார் டாக்டர். அப்படியிருக்க அந்த வாக்கியத்தை ஏன் எழுதினேன்? கதைக்குக் கனம் வேண்டும் என்று கை கேட்டது. அவ்வளவுதான். எழுதுகிறவர்களின் கை சில சமயம் இவ்வளவு கேவலமாகக் கேட்கும்.

வீட்டுக்கு வந்து படுத்ததும் அவள் தம்பியிடம் சொன்னதில் சுற்றிவளைப்பு எதுவும் இல்லை.

"ஞாயித்துக்கிழம கறிக்கடைக்காரர வரச் சொல்லுங்க. கூடாதுன்னா சொல்லிருங்க, நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடறேன். என் வீட்டுக் கொல்லைக்குப் போக எனக்குப் பயமா இருக்கு. எனக்காக இல்ல. நான் இப்ப ஒரு ஆள் இல்லையே."

தம்பி "சரி, சரி, பாத்துக்கலாம்" என்றான். பிறகு அவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

5

படுத்திருக்கிறவளுக்குப் பொழுது போகட்டும் என்று வரைவை அவளிடம் கொடுத்தேன். தப்பான காரியம். படித்து முடித்துத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இதுல நான் என்னக்கா, ராட்சசியா?"

"கதைதானே."

"கதையில நான் ரெண்டே தடவதான் வாயத் தெறக்கிறேன். ரெண்டு தடவயும் 'வெட்டுங்க'ன்னு சொல்றேன். உங்க தம்பி என்னமோ பச்சப் புள்ள மாதிரி கோழிக்குத் தீனி போட்டுட்டு நிக்கிறாரு."

அவள் சொன்னது சரி. ஆசையாக வளர்க்கிற அப்பாவி ஒருவன், வெட்டச் சொல்லும் மனைவி ஒருத்தி என்று நிறுத்திவிட்டால் அந்த இரண்டாவது ஆள் தானாகவே கெட்டவளாகிவிடுகிறாள். எழுத்தாளர் வியர்க்கவே வேண்டாம். மேலே நீங்கள் படித்ததெல்லாம் அதன்பிறகு திருத்தியது.

அடித்த வாக்கியத்தின்மேல் விரலை வைத்தாள். நான் ஜன்னல் திரையைச் சரிசெய்தேன்.

"ஏன் அடிச்சீங்க?"

"எழுதியிருக்கவே கூடாது. மன்னிச்சிரு."

"கீழ உக்காந்திருந்தேன்ல, அப்ப நானும் இதே வரியத்தான் எழுதிட்டு இருந்தேன், மனசுக்குள்ள. அது அசையற வரைக்கும் திருப்பித் திருப்பி அதே வரி. அடிச்சதும் இருக்கட்டும்க்கா, அப்படியே."

அதனால்தான் இருக்கிறது.

6

அவளுடைய கட்டில் ஜன்னலோரம். ஜன்னல் கொல்லையைப் பார்த்தது. வேலைக்குப் போகிறவளுக்கு வீட்டில் காலையில் என்ன நடக்கிறது என்று பார்க்க வாய்ப்பே இருந்ததில்லை. இப்போது பார்த்தாள். தம்பி கொல்லைக் கதவைத் திறப்பான். மேனேஜர் சிறகைத் தாழ்த்திக்கொண்டு வரும். தம்பி இரண்டடி பின்வாங்குவான், "பொறுங்க, பொறுங்க" என்பான். சட்டைப்பையில் கை விட்டு ஒரு பிடி சோளத்தை எடுத்து வீசுவான். மேனேஜர் சோளத்துக்குத் திரும்பும். தம்பி கல்லில் துணியை வைத்துவிட்டு உள்ளே ஓடிவிடுவான். சோளம் தீர்ந்ததும் மேனேஜர் அடுத்த ஆளைத் தேடும்.

ஒருநாள் அவன் உள்ளே வந்ததும் கேட்டாள். நானும் அங்கே இருந்தேன், உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டு.

"ஏங்க, தினமும் இப்படித்தானா?"

"என்ன?"

"பாய வந்தா சோளமா?"

"வேற என்ன பண்றது? அது கையில... அதுக்கு முன்னாடி எதையாவது போட்டாத்தான் அடங்குது."

"அடங்கலங்க. நீங்க அதுக்குச் சம்பளம் குடுக்குறீங்க. பாஞ்சா சோளம்னு அது கத்துக்கிச்சு. அன்னைக்கி எம்மேல பாஞ்சது கூட சோளத்துக்குத்தான் போல. எங்கிட்ட சோளம் இல்ல."

தம்பி நின்ற இடத்திலேயே நின்றான். சட்டைப்பையிலிருந்து ஒரு சோளமணி விழுந்தது, அவன் குனியவில்லை. அவன் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. கோழி வளர்க்கிற யாரும் செய்யாத தப்பு அது. நாளெல்லாம் கவுன்ட்டரில் உட்கார்ந்து எழுந்து வருகிறவன் மட்டும்தான் செய்வான்.

"எனக்கு வேற எதுவும் தெரியாதே," என்றான். "கத்துனா குடுப்பேன். அவ்ளோதான் தெரியும்."

அவள் கறிக்கடைக்காரரை இந்த ஞாயிறு இல்லாமல், அடுத்த மாதம் முதல் ஞாயிறு வரச் சொல்லச் சொன்னாள்.

"அது வரைக்கும் பாப்போம். தப்பு அதோடது மட்டும் இல்லன்னு தெரிஞ்சப்புறம் உடனே வெட்டச் சொல்ல மனசு வரல. ஆனா மாறலன்னா, மாறல. அதுக்கு மேல வயித்தத் தூக்கிட்டு நான் பயந்துகிட்டு இருக்க முடியாது."

(இந்த இடத்தில்தான் யார் அப்பாவி, யார் கடுமை என்ற என் கணக்கு தலைகீழானது. கதாசிரியருக்கு இதைவிட நல்ல தோல்வி கிடையாது.)

7

மேனேஜரைத் திருத்துவது பற்றி எழுத நினைத்தேன். நடந்ததோ தம்பியைத் திருத்துவது.

கண்டக்டர் கட்டிலில் இருந்தபடியே நடத்தினாள். சோளம் கூண்டுக்குள் தட்டில் மட்டும், அதுவும் அது சும்மா இருக்கும்போது. பாய வந்தால் பின்வாங்கக் கூடாது. உதைக்கவும் கூடாது, உதைத்தால் சண்டைக்கு ஒப்புக்கொண்ட மாதிரி. நிற்க வேண்டும். முடிந்தால் ஓரடி முன்னால்.

"பின்னாடி போகாதீங்க! படியில நிக்கிறவன உள்ள அனுப்பற மாதிரி, முன்னாடி! குரல் குடுங்க!"

"வேணாம்," என்றான் தம்பி, கெஞ்சுகிற குரலில்.

"அது கேள்வி. பதில் சொல்லுங்க."

"வேணாம்."

"யாருக்குங்க சொல்றீங்க, எனக்கா?"

முதல் வாரம் அவன் காலில் புதிதாக இரண்டு காயம். அடுத்த கட்டம் அதைப் பிடித்து, சிறகோடு சேர்த்து அக்குளில் இடுக்கிக்கொண்டு நடப்பது. திமிறுவது அடங்கும்வரை கீழே விடக் கூடாது. தம்பி அதை அலுவலகப் பையைப் போல் இடுக்கிக்கொண்டு பல் தேய்த்தான், செடிக்குத் தண்ணீர் ஊற்றினான், தொலைபேசியில் மேலதிகாரியோடு பேசினான். மேனேஜர் அக்குளிலிருந்து தலையை நீட்டி அவமானத்தோடு என் ஜன்னலைப் பார்க்கும். பெட்டைக் கோழிகளும் பார்க்கும். நான் மறுபடி சிரித்தேன், இந்தமுறை கீழே இறங்கி வந்து அவர்களோடு சேர்ந்து.

மாதம் முடிவதற்குள் தம்பியைக் கண்டால் அது சிறகைத் தாழ்த்துவதை நிறுத்திவிட்டது. ஒதுங்கி வழிவிட்டது. அவன் "வேணாம்" என்று ஒருமுறை, ஏற்றம் இறக்கம் இல்லாமல் சொன்னால் போதும். அவன் குரலில் அப்படி ஒரு தொனி உண்டு என்று அக்காவான எனக்கே தெரியாது. அவனுக்கும் அதைக் கேட்டு ஆச்சரியமாகத்தான் இருந்தது.

இங்கே முடித்திருக்கலாம். முடிக்க ஆசைதான்.

8

அந்த ஞாயிறு வந்தது. கண்டக்டர் எழுந்து நடமாட ஆரம்பித்திருந்தாள். கொல்லைக் கதவருகே நின்றாள், இடுப்பில் காலிக் கூடை. தம்பி கொல்லை நடுவில், அக்குளில் மேனேஜர். நான் மாடி ஜன்னலில்.

"உங்ககிட்ட அடங்கிருச்சு. எங்கிட்ட அடங்கிருச்சான்னு யாருக்கும் தெரியாது," என்றாள். "கீழ விடுங்க. கொடி வரைக்கும் போறேன், முதுகக் காட்டிட்டு. பாயலன்னா இங்கயே இருக்கட்டும். கறிக்கடைக்காரர்கிட்ட நானே சொல்லி அனுப்பிடறேன்."

வெட்டச் சொன்னவள்தான் இப்படிச் சொன்னாள். தம்பி ஆசைப்பட்டதெல்லாம் அதில் இருந்தது. ஒரு மாதம் காயத்தோடு உழைத்ததற்குக் கூலி. "சரி" என்று சொன்னால் போதும், அவன் வாழ்க்கையில் அதிகம் சொல்லிப் பழகிய சொல். கண்டக்டர் ஒரு காலைப் படியிலிருந்து கீழே வைத்தாள்.

"வேணாம்," என்றான் தம்பி.

சேவலுக்குப் பழக்கிய அதே குரல்.

"என்ன வேணாம்?"

"நீ வர வேணாம்."

"அப்புறம் எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"தெரிஞ்சுக்க வேணாம். உன்ன வெச்சு நான் சோதிச்சுப் பாக்க மாட்டேன்."

"தெரியாம வெச்சுக்க முடியாதுங்க, கறிக்கடைக்குத்தான். நான் சொன்னது சொன்னதுதான். புரியுதா, என்ன சொல்றீங்கன்னு?"

"புரியுது."

சேவலை இறுக்கிப் பிடித்திருந்தான். அது ஒருமுறை கழுத்தை நீட்டி அவன் சட்டைப் பொத்தானைக் கொத்தியது, கோபமாக இல்லை, சும்மா. கண்டக்டர் காலை மீண்டும் படிமேல் எடுத்து வைத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். தம்பி யாரையும் மறுத்துப் பேசியதே இல்லை. அவனுக்கு மறுக்கக் கற்றுக்கொடுத்தது அந்தச் சேவல்.

9

இப்போது முடிவு. என்னிடம் மூன்று இருக்கின்றன.

ஒன்று: கண்டக்டர் அவன் பேச்சைக் கேட்காமல் நடக்கிறாள், மேனேஜர் தரையைக் கிளறிக்கொண்டே இருக்கிறது, எல்லோரும் அழுதுகொண்டே சிரிக்கிறார்கள். எழுத எனக்கு ஒரு பத்தி போதும். ஆனால் இதைப் படித்துவிட்டு, எங்கோ ஒரு கொல்லையில், ஒருத்தி ஒரு சேவலுக்கு முதுகைக் காட்டுவாள். ஒருவரிடம் அடங்கிய சேவல் இன்னொருவரிடம் அடங்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. என் கதையின் மகிழ்ச்சிக்கு அவள் வயிற்றை ஈடு வைக்க முடியாது.

இரண்டு: அவள் நடக்கிறாள், அது பாய்கிறது. அதற்குப் பிறகு வரவேண்டிய வாக்கியத்தை ஏற்கனவே ஒருமுறை எழுதி அடித்துவிட்டேன். மறுபடி எழுத மாட்டேன்.

மூன்று: தம்பி அதைக் கறிக்கடைக்காரர் கையில் கொடுத்து அனுப்புகிறான். நாங்கள் சொல்லிக்கொடுத்ததை ஒழுங்காகக் கற்றுக்கொண்டதைத் தவிர அது ஒரு குற்றமும் செய்யவில்லை. முதலில் தப்பாகச் சொல்லிக்கொடுத்தோம், கற்றது. பிறகு சரியாகச் சொல்லிக்கொடுத்தோம், அதையும் கற்றது, எங்களுக்குத் தெரிந்த அளவுக்கு. இந்த முடிவைத் தொடங்கினேன்: "தம்பி கைகளைத் தளர்த்தி..." அதற்கு மேல் பேனா போகவில்லை.

நிஜத்தில் என்ன நடந்தது என்று கேட்காதீர்கள். நிஜத்தில் அவர்கள் இருவரும் சேர்ந்து ஒன்றைச் செய்தார்கள், அதைச் செய்துவிட்டு அதோடு வாழ்கிறார்கள். அதை விசாரிக்க எனக்கே உரிமை இல்லை, அக்காவாக இருந்தும். இந்தப் பக்கத்தில் இன்னும் எதுவும் நடக்கவில்லை.

தெருவில் கறிக்கடைக்காரரின் சைக்கிள் நிற்கிறது. வாசல் மணி அடிக்கிறது.

"சேவல் உண்டா இல்லையாங்க?" என்று வெளியிலிருந்து கேட்கிறார். அவசரப்படுத்துகிற குரல் இல்லை. தெரிந்துகொண்டு போகலாம் என்று வந்தவரின் குரல்.

தம்பியின் இரண்டு கையும் சேவலைப் பிடித்திருக்கின்றன. அதன் நெஞ்சு அவன் முழங்கையில் வேகமாக அடித்துக்கொள்வதை அவன் உணர்ந்துகொண்டிருப்பான். கண்டக்டர் படியில் உட்கார்ந்துவிட்டாள், ஒரு கை வயிற்றின்மேல். இருவரும் வாசல் பக்கம் திரும்பிப் பார்க்கிறார்கள், அங்கே போக யாராலும் முடியவில்லை. நான் மாடியில் இருக்கிறேன், இறங்கி வர நேரமாகும்.

வாசலுக்குப் பக்கத்தில் இருப்பது நீங்கள்தான். போய்ப் பதில் சொல்லுங்கள்.